வரையறுத்த தொகை

அக்டோபர் 23, புதன்

இன்று பன்னிரண்டாம் வகுப்பில் தொகை நுண்கணிதத்தைத் தொடங்கினேன். உள்ளே நுழைந்தால் கரும்பலகையில் யாரோ பாம்புப் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு மகுடீஸ்வரி என்று பெயர் வைத்தபோது அப்பாவுக்குக் கொடுமுடிக் கோயில் ஞாபகம். என் பிள்ளைகளுக்கு மகுடி ஊதுகிறவன் ஞாபகம். நான் பாம்பை அழிக்கவில்லை. முதுகு நல்ல வளைவாக வந்திருந்தது. அதற்குக் கீழே நேராக ஒரு கோடு இழுத்து, "இந்தப் பாம்புக்கும் தரைக்கும் நடுவுல எவ்வளவு இடம்?" என்று கேட்டேன்.

மோகனப்பிரியாதான் முதலில் வாய் திறந்தாள். "வளைஞ்சு கெடக்குதுங்க மிஸ். எப்படி அளக்கறது?"

"வளையாததை வெச்சு அளங்க" என்று சார்ட் அட்டையில் வெட்டிய பட்டைகளைக் கொடுத்தேன். பாம்புக்குள் அடங்குகிற மாதிரி ஒட்டினால் இடம் மிஞ்சுகிறது. பாம்பை மூடுகிற மாதிரி ஒட்டினால் வெளியே நீட்டிக்கொள்கிறது. பட்டையை ஒல்லியாக்க ஒல்லியாக்க இரண்டும் நெருங்கி வருகின்றன. பின் பெஞ்சுகூட எழுந்து வந்து பார்த்தது. இந்தப் பாடத்தை இந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாக நடத்துகிறவர் இருந்தால் வந்து காட்டட்டும்.

மாலையில் தலைமையாசிரியர் கூப்பிட்டார். "மிஸ், அந்தச் செவ்வகமெல்லாம் எதுக்குங்க? சூத்திரத்தைக் குடுத்துட்டுப் போயிட்டே இருங்க. அரையாண்டுக்குள்ள போர்ஷன் முடியோணும்." முடிப்பேன், செவ்வகத்தோடு முடிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். வீடு கழுவுகிற வேலை இப்போதே தொடங்கிவிட்டது. என்னிடம் கேட்டது புடவை நிறம் மட்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

சனி ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு முன்ஹாலில் சந்தேக வகுப்பு உண்டு. காசு கிடையாது, காபியும் கிடையாது. பெண் பார்க்கிற நாளென்று அதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். சுவரில் மாட்டியிருக்கும் போர்டில் இவ்வளவும் இருந்தது:

வரையறுத்த தொகை
கீழ் எல்லை 1, மேல் எல்லை 5
கீழ்க்கூடுதல் 30
மேல்கூடுதல் 54
சரியான தொகை இரண்டுக்கும் நடுவில்

பக்கத்தில் வளைவும் செவ்வகங்களும். அம்மா ஈரத்துணியோடு வந்து படத்தை அழித்தாள். எழுத்துக்கு வருவதற்குள் வாசலில் கார் சத்தம். துணியைச் சோபாவுக்கு அடியில் எறிந்துவிட்டு ஓடினாள்.

வந்தவர்கள் மூன்று பேர். பையன் நல்லசிவம், வாய்க்கால் பிரிவில் உதவிப் பொறியாளர். அவர் அம்மா சாமியாத்தாள். தரகர். பையனுக்கு அப்பா இல்லை. அந்த அம்மா நிமிர்ந்த உடம்பு, நேரான பேச்சு. உட்கார்ந்ததும், "நாங்க ஒண்ணும் கேக்க வரலீங்க. பொண்ணைக் குடுத்தாப் போதும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிறகு, "தையில வெச்சுக்கலாமுங்களா?" என்றார்.

அப்பா தலையாட்டுவதற்குள் நான் சொன்னேன். "புள்ளைங்களுக்கு மார்ச்சுல பொதுத்தேர்வுங்க. தையில கண்ணாலம், விருந்துன்னு ஒரு மாசம் லீவு போட்டா அவங்க நடுரோட்டுல நிப்பாங்க. பரீட்சை முடிஞ்சு எப்ப வேணும்னாலும் வெச்சுக்கலாமுங்க."

அம்மா காபித் தட்டை நீட்டிக்கொண்டு நடுவில் புகுந்தாள். அந்த அம்மா காபியை வாங்காமல் சுவர்ப் பக்கம் பார்த்தார். அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை.

பையனும் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அழிச்ச படம் எக்ஸ் ஸ்கொயருங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "நடுப்புள்ளி எடுத்திருந்தா இன்னும் கிட்ட வந்திருக்குமுங்க."

"அது அடுத்த வாரப் பாடமுங்க."

"சரிங்க."

அவ்வளவுதான். இதைப் பேச்சு என்று யாராவது சொல்வார்களா? அழித்த படத்தைக் கண்டுபிடித்ததும் பெரிய விஷயமில்லை. முப்பதையும் ஐம்பத்து நாலையும் பார்த்தால் யாருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியவில்லை, தரகருக்கும் தெரியவில்லை, அது வேறு.

அக்டோபர் 30, புதன்

தரகர் போன் செய்தார். ஜாதகம் சேரவில்லையாம். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று இதே தரகர்தான் போன மாதம் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார். கிரகங்கள் எல்லாம் ஒரு மாதத்தில் இடம் மாறிவிட்டன போலிருக்கிறது.

"உன்ற வாய்தான்டி காரணம்" என்றாள் அம்மா. "மார்ச்சு, பரீட்சைன்னு அவுங்க மூஞ்சிக்கு நேரா யாராச்சும் சொல்லுவாங்களா?"

சொல்லுவேன். நாளைக்கு இன்னொருவர் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். நாற்பத்தோரு பிள்ளைகள் என்னை நம்பிக் கணக்குப் பிரிவில் சேர்ந்தவர்கள். அதைக் கேட்டு ஓடுகிற வீடு ஓடட்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தேன், நன்றாக வந்தது.

நவம்பர் 4, திங்கள்

நடுப்புள்ளி விதியை, அதாவது பட்டையின் உயரத்தை ஓரத்தில் எடுக்காமல் நடுவில் எடுப்பதை, இன்றே நடத்திவிட்டேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் நடத்தினேன். அதே எக்ஸ் ஸ்கொயர், ஒன்றிலிருந்து ஐந்து வரை, நான்கே பட்டைகள். இடது முனையில் முப்பது, வலது முனையில் ஐம்பத்து நான்கு, நடுப்புள்ளியில் நாற்பத்தொன்று. உண்மை விடை நாற்பத்தொன்றே கால் சொச்சம்.

கிட்டத்தான் வருகிறது. நான் இல்லையென்று சொல்லவே இல்லையே.

நவம்பர் 8, வெள்ளி

பாடத்தைப் புத்தகத்தோடு விடக்கூடாது என்று முடிவு செய்தேன். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைக் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரித்துத்தான் அளக்கிறார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் அகலம், ஆழம், வேகம். நம்முடைய செவ்வகங்களேதான்.

வாய்க்காலுக்கு இங்கே இரண்டு பாலம். ஒன்று பள்ளியிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் அங்கே துணி துவைக்கிறார்கள். சோப்பு நுரையில் ஆழம் தெரியாது. அதனால் பஸ்ஸில் போக வேண்டிய பாலத்துக்கு அனுமதி கேட்டிருக்கிறேன். அந்தப் பகுதிக்குப் பொறியாளர் யார் என்பதெல்லாம் எனக்கு வேண்டாத விஷயம்.

தலைமையாசிரியர், "சுத்துலாவுங்களா?" என்றார். "பாடமுங்க" என்றேன். குழந்தைகள் தினம் என்று சொல்லி அனுமதித்தார். பன்னிரண்டாம் வகுப்பில் சிலர் என்னைவிட ஒரு அடி உயரம்.

நவம்பர் 14, வியாழன்

எழுத நிறைய இருக்கிறது.

பாலத்தின் குறுக்கே கயிறு கட்டி, மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிந்து வைத்திருந்தார்கள். நல்லசிவம் முழங்கால் வரை பேண்ட்டை மடித்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் அதை அவசரமாக இறக்கிவிட்டு, "வாங்க" என்றார். பிள்ளைகளிடம் நன்றாகப் பேசினார். இங்கே அளவு தப்பினால் கடைமடைக்காரன் வயல் காயும், அதனால்தான் இத்தனை மெனக்கெடல் என்றார். பாலத்தின் மேல் நின்று அளவுக்கோலை இறக்க, பிள்ளைகள் ஆழத்தைப் படித்தார்கள்.

நான்தான் கொஞ்சம் அகலக்கால் வைத்துவிட்டேன். "இப்பப் பாருங்க, இடது முனை வெச்சுக் கூட்டினா ஒண்ணு வரும், வலது முனை வெச்சுக் கூட்டினா வேற வரும்" என்று அவர் எதிரிலேயே அடித்துச் சொன்னேன். பிள்ளைகள் கூட்டினார்கள். இடது முனையில் ஏழரை சதுர மீட்டர். வலது முனையிலும் ஏழரை.

"ரெண்டுமே ஏழரைங்க மிஸ்" என்று யாரோ கத்த, ஏழரை என்ற சொல்லைக் கேட்டதும் மொத்தக் கும்பலும் சிரித்தது. திரும்பக் கூட்டச் சொன்னேன். திரும்பவும் ஏழரை. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார், சிரிப்பை அடக்குகிறவர் நிற்கிற மாதிரி.

மோகனப்பிரியாதான் கண்டுபிடித்தாள். "மிஸ், ரெண்டு ஓரத்துலயும் கரைங்க. அந்தப் பக்கமும் ஆழம் பூஜ்யம், இந்தப் பக்கமும் பூஜ்யம். இடதுல ஒரு பூஜ்யத்தை விட்டுட்டு வலதுல இன்னொரு பூஜ்யத்தைச் சேக்கறோம். அப்பறம் எப்படி மாறும்?"

என் வகுப்பு இது. தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

பிள்ளைகள் வேகம் அளக்கப் போனதும் அவர் பக்கத்தில் வந்தார். "ஒரு விஷயமுங்க. ஜாதகமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அம்மா உங்க ஊட்டுப் போர்டைப் படிச்சுப்போட்டாங்க."

"படிச்சா என்னங்க?"

"வரையறுத்த தொகை, கீழ் எல்லை ஒண்ணு, மேல் எல்லை அஞ்சு." நிறுத்தினார். "லட்சம்னு நெனச்சுட்டாங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முப்பதும் ஐம்பத்து நாலும் ஞாபகம் வந்தது. "அப்ப அந்த முப்பது?"

"பவுனுங்க."

பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "நாங்க ஒண்ணும் கேக்கலைன்னு சொன்ன வாயோட திரும்பிப் பாத்தா, சுவத்துல எனக்கு வெலை எழுதி வெச்சிருக்குது. அம்மா அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க. அது கணக்குங்கம்மான்னு எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன். நம்பலீங்க."

"ஏனுங்க நம்பலை?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொண்ணு எனக்குப் புடிச்சுப்போச்சு, அதனால கதை உடறேன்னு நெனக்கறாங்க."

இந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அப்படியே விடுகிறேன்.

நேரில் வந்து விளக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். "எங்க ஊட்டுச் சுவத்துல கணக்கு இருந்ததுங்க. அதுக்கு நான் போயி சமாதானம் சொன்னா, தப்பு பண்ணுனவ மாதிரி ஆயிருமுங்க. சந்தேகம் இருக்கறவங்களுக்கு சனி ஞாயிறு காலையில ஏழு மணிக்குக் கிளாஸ் நடக்குது. அம்மாவை வந்து உக்காந்து கேக்கச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க" என்றார். சொன்னால் என்ன ஆகுமென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

நேற்றும் இன்றும் வகுப்பு நன்றாக நடந்தது. பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கூடுதலாகக் கிடந்தது. துண்டு காயப்போட எடுத்துப் போட்டேன்.

யாரும் வரவில்லை. யாரையும் எதிர்பார்க்கவும் இல்லை.

நவம்பர் 20, புதன்

வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள். "ஐம்பத்து நாலு பவுனு என்றகிட்ட இருந்தா நான் ஏன் இந்த டிவிஎஸ்ஸை ஓட்டிட்டு இருக்கறேன்?" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. படத்தை அழித்தவள் அவள்தானே. படம் இருந்திருந்தால் அந்த அம்மா கணக்கு என்று புரிந்துகொண்டிருப்பார் என்று அப்பா விளையாட்டாகச் சொன்னதை அவள் நெஞ்சில் போட்டுக்கொண்டாள். "நானே போயி கால்ல உழுந்தாவது சொல்லிட்டு வர்றேன்" என்று பையை எடுத்தாள். வாசலில் கையை நீட்டி மறித்தேன். என் அம்மா யார் காலிலும் விழ வேண்டியதில்லை. நான் எழுதியது சரி, அவள் துடைத்தது வீட்டு வேலை. தப்பு எங்கே இருக்கிறது?

இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உனக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்குதா?" என்றாள். விடைத்தாள் திருத்த வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மழை. பிள்ளைகள் பாதிப்பேர்தான். துண்டு காயவில்லை.

நவம்பர் 27, புதன்

தரகர் வேறு ஜாதகம் கொண்டு வந்தார். பெருந்துறையில் பாத்திரக்கடை, ஒரே பையன், மார்ச் வரைக்கும் காத்திருக்கச் சம்மதமாம். நான் கேட்டது அதைத்தானே. சந்தோஷமாகச் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை.

இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அழித்த படத்தை எண்களிலிருந்து எடுத்தாரே, அப்போதே பிடித்துவிட்டது. நான் பாலத்தில் தப்பாகச் சொன்னபோது உடனே திருத்தாமல், பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும் என்று கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அப்போது இன்னும். இது கைவிட்டுப் போனால் எனக்கு வலிக்கும், ரொம்ப நாள் வலிக்கும். ஆனாலும் போய் நின்று கணக்குக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அப்படி மன்னிப்புக் கேட்டு நுழைகிற வீட்டில், நாளைக்கு என் வகுப்பை விட மாட்டேன் என்று என்னால் நிமிர்ந்து சொல்ல முடியாது.

போர்ஷன் முடிந்துவிட்டது, அரையாண்டுக்கு ஒரு வாரம் முன்னாலேயே. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். "செவ்வகத்தோடவுங்களா?" என்றார். செவ்வகத்தோடுதான்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஏழு மணிக்கு வகுப்பு தொடங்கி, ஏழே காலுக்கு வாசலில் குடையோடு சாமியாத்தாள் அம்மா. டவுன் பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"சந்தேகம் இருந்தா வரச் சொன்னீங்களாமா" என்றார் என்னிடம். "நீங்க கிளாஸை நடத்துங்க அம்மிணி. நான் சித்தெ உக்காந்து கேக்கறேன்." நாற்காலியில் கிடந்த துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நடத்திக்கொண்டிருந்த கணக்கை அழித்தேன். முதலில் வளைவைப் போட்டேன், பெரிதாக. பிறகு அதே எழுத்து. வரையறுத்த தொகை. கீழ் எல்லை 1, மேல் எல்லை 5.

"மோகனா, புதுசா வந்திருக்கறவங்களுக்கு நீ சொல்லு."

அவள் அட்டைப் பட்டைகளை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனாள். அந்த அம்மா நேராகக் கேட்டார். "தொகைன்னா பணமில்லீங்களா கண்ணு?"

"இல்லீங்கம்மா. இங்க தொகைன்னா துண்டு துண்டாக் கூட்டி வர்ற இடம். இந்தக் கோட்டுல ஒண்ணுல ஆரம்பிச்சு அஞ்சுல நிக்கறோம், அதுதானுங்க எல்லை."

"அந்த முப்பது?"

"வளைவுக்கு உள்ள அடங்கற பட்டைங்க."

"அம்பத்திநாலு?"

"வெளிய நீட்டிக்கிட்டு நிக்கற பட்டைங்க."

போர்டில் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் பவுனுன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார். பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. "என்ற ஊட்டுக்காரரு போனதுக்கப்பறம் யாருகிட்டயும் கை நீட்டாம வளத்த பையன் அம்மிணி. அவனுக்கு இத்தனைலிருந்து இத்தனை வரைக்கும்னு எழுதி வெச்ச மாதிரி இருந்தது. வயிறு எரிஞ்சுபோச்சு. அவன் கணக்குன்னு சொன்னான். நான் நம்பலை."

"படம் இருந்திருந்தா உங்களுக்கே புரிஞ்சிருக்குமுங்க" என்றேன்.

"நான்தானுங்க அழிச்சேன்" என்றாள் அம்மா நிலைப்படியிலிருந்து. அழுதுவிட்டாள். அந்த அம்மா எழுந்து போய் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சுவத்தைத் தொடைக்கறது எல்லா ஊட்லயும் நடக்கறதுதானுங்க. இனி அதை உடுங்க."

பிறகு போர்டுக்கு வந்தார். எல்லைகள் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அப்ப நானும் ஒரு கணக்குப் போடறேன் அம்மிணி. புள்ளைங்க பரீட்சை பங்குனியோட முடியுதுங்களா?"

"முடியுதுங்க."

"அப்ப கீழ் எல்லை சித்திரை. மேல் எல்லை வைகாசி. நடுவுல எங்கன்னு நீங்களே சொல்லுங்க."

மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தது. மோகனப்பிரியா பட்டைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இடது முனை, வலது முனை என்று எத்தனையோ விதி எனக்குத் தெரியும். இந்த ஹாலில், இதே போர்டைப் பார்த்து ஒருவர் சொன்னது ஒன்றுதான்.

"நடுப்புள்ளியிலயே வெச்சுக்கலாமுங்க" என்றேன்.